எதுவும் குறையாத தற்காப்புக் கலை

நாற்பத்தோராவது வயதில் என் கணவர் தற்காப்புக் கலை கற்கப் போனார். காரணம் ரத்தக் கொதிப்பு. தினமும் நடந்தால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். நடந்தால் யாரையும் அடிக்க முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். இத்தனைக்கும் வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் அடிப்பது நான்தான்.

முதலில் டேக்வாண்டோ. ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டுக்கு அருகிலேயே வகுப்பு. மூன்று மாதம் காலைத் தூக்கிக்கொண்டே திரிந்தவர், ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, எதிரி நெருங்கிக் கட்டிப்பிடித்துவிட்டால் உதைக்க இடம் இருக்காதே என்று கவலைப்பட்டார். அடுத்த வாரம் ஜூடோவில் சேர்ந்தார். அங்கே கட்டிப்பிடிப்பவனுக்கு வழி இருந்தது, கட்டையோடு வருகிறவனுக்கு இல்லையாம். அதனால் டத்தோ கிராமாட்டில் ஒரு கோயில் வளாகத்தில் சிலம்பம். அது அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. ஆனால் கம்பு எங்கள் லிஃப்டுக்குள் நிமிர்ந்து நிற்காது. காரில் வைத்தால் ஜன்னல் வழியே வெளியே நீளும், மோட்டார் சைக்கிள்காரர்கள் திட்டுவார்கள். கம்பு வீட்டில் இருக்கும்போது திருடன் வெளியில் மடக்கினால் என்ன செய்வது என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறார். வெறுங்கைப் பாடமும் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றாராம் அவர். இவர் பொறுக்கவில்லை. மலாய்க்காரர்களின் தற்காப்புக் கலையான சிலாட் வகுப்புக்குப் போய்விட்டார்.

இப்படி நான்கு கலைகள். நான்கிலும் முதல் படியைத் தாண்டவில்லை. கொடியில் தொங்கும் விதவிதமான சீருடைகளைப் பார்த்த கீழ்வீட்டு அக்கா, எங்கள் வீட்டில் எத்தனை பேர் சண்டை பழகுகிறார்கள் என்று என்னிடம் மரியாதையாக விசாரித்தார்.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். உலகத்தில் முழுமையான கலை என்று எதுவும் இல்லை, அதைத் தானே உருவாக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதினார். தூரத்தில் நிற்பவன், அருகில் வருபவன், கட்டிப்பிடிப்பவன், தரையில் தள்ளுபவன், ஆயுதம் வைத்திருப்பவன், கூட்டமாக வருபவர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பதில்.

நான் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். அதனால் என்னிடம் கொடுத்து, குறை இருந்தால் சொல்லச் சொன்னார். முழுவதும் படித்துவிட்டு, கண்ணாடி கழன்று விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரியும் தெரியாது, நோட்டும் தெரியாது. மறுநாள் கண்ணாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டும் ரப்பர் வார் ஒன்று வாங்கி வந்தார்.

பிளாட்டின் குடும்ப தினத்தில், சிறுவர் ஓவியப் போட்டிக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் நடுவே தன் கலையைச் செய்து காட்ட அவருக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. எதிரியாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த அலுவலக நண்பர் தீவுக்கு வரும் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார். வேறு ஆள் இல்லை. பஞ்சாபி சூட்டும் கைப்பையுமாக நானே மேடையேறினேன்.

முதலில் நான் அவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். அவர் அசையாமல் நின்றார்.

"வலது கையப் பிடி லா," என்றார் மெதுவாக. மைக் சட்டையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

விட்டுவிட்டு வலது கையைப் பிடித்தேன். அழகாகத் திருகி விடுவித்துக்கொண்டார். மூன்றாம் மாடிச் சீன ஆன்ட்டி முன்வரிசையிலிருந்து மலாயில் ஒரு சந்தேகம் கேட்டார். திருடன் இடது கையைப் பிடித்தால்? அது இரண்டாம் பாடம் என்றார் இவர். ஆன்ட்டி விடவில்லை. தன் கையை யாரும் பிடித்ததில்லை, பையைத்தான் பிடுங்கினார்கள், அதைக் காட்டு என்றார்.

இவர் என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, காலை அகட்டி நின்றார்.

"இழு," என்றார்.

"மெதுவாவா, நெஜமாவா?"

"நெஜமா இழு. அப்பதான் ஜனங்களுக்குப் புரியும்."

அந்தப் பையை நான் இரண்டு வருடமாகச் சுமக்கிறேன். பக்கவாட்டில் இழுத்தால் அதன் கொக்கி கழன்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. நான் இழுத்தேன். பை என் கையோடு வந்துவிட்டது. பலம் முழுவதையும் எதிர்ப்பக்கம் கொடுத்திருந்த என் கணவர் பின்பக்கமாகப் போனார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் விழுந்த விதத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. தாடை நெஞ்சோடு ஒட்டியது, முதுகு பந்து மாதிரி வளைந்தது, இரண்டு கைகளும் 'பட்' என்று மேடையை அறைந்தன. உருண்டு, எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடிகூட நகரவில்லை. அப்போது எழுந்த கைதட்டல் குலுக்கலில் முதல் பரிசு வாங்கியவருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

அன்று மாலையே ஆன்ட்டி எங்கள் கதவைத் தட்டினார். அவர் கணவர் குளியலறையில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டவர். அடிப்பதெல்லாம் வேண்டாம், அந்த விழுகிறதை மட்டும் சொல்லிக்கொடு என்றார். அடுத்தடுத்து கீழ்வீட்டு அக்கா, ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர் என்று ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

என் கணவருக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. நோட்டில் அத்தனை கட்டம் இருக்க, விழுவதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

"நாலு இடத்துலயும் மொதல்ல அதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க," என்றார் என்னிடம், ஏதோ ஏமாற்றப்பட்டவர் போல.

"நாலு தடவை படிச்சிருக்கீங்க. வேற எதை நீங்க நாலு தடவை படிச்சீங்க?" என்றேன்.

நான்கு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிளாட் மண்டபத்தில் பழைய மெத்தைகளைப் போட்டு வகுப்பு நடக்கிறது. ஆன்ட்டி முதல் வாரமே அற்புதமாக விழுந்தார், ஆனால் எழ முடியவில்லை. நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அன்றிரவே நோட்டில் விழுவதற்கு ஒன்று, எழுவதற்கு ஒன்று என்று இரண்டு புதிய கட்டங்கள் வந்தன. எழுந்திருப்பது இரண்டாம் பாடமானது. மூன்று மாதமாகியும் அது முடிந்தபாடில்லை. விழுந்தவர்கள் எல்லோரும் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டு, ரொட்டி சானாய்க்கு இன்று எந்தக் கடைக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும்தான்.