குளிருக்குக் காரை மூடிய நாள்

நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த என் கணவரிடம், வசந்தம் வரும்வரை கார் ஓட்டக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். பனியில் ஓட்ட எனக்குத் துணிவில்லை. ஒஸ்லோவில் தெருவோரம் விட்டால் பனி தள்ளுகிற வண்டி காரைப் புதைத்துவிட்டுப் போய்விடும். விற்றுவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில், அவரோடு வேலை செய்யும் நோர்வேக்காரர் ஒருவர் நகரத்துக்கு வெளியே தன் பண்ணையில் வெறுமையாய்க் கிடந்த மரக் களஞ்சியத்தைத் தந்தார். பனி விழுவதற்கு முன் நானே காரை அங்கே ஓட்டிப்போனேன்.

அங்கே இவருக்கு ஒரு பழைய கதிரையும் கிடைத்தது. கம்பளித் தொப்பியோடு அதில் இருந்துகொண்டு அதிகாரம் பண்ணினார். வேலை முழுக்க என் தலையில். சீற்றுகளுக்கு அடியில் ஊருப்பட்ட கலியாண வீட்டுப் பலகாரத் தூள்.

"ஒரு துண்டும் விடாதையும். எலி மணம் பிடிச்சு வந்து வயரையும் கடிச்சுப்போடும்."

"திண்டது நீங்கள், கூட்டுறது நானோ?"

சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கும், நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

பழக்கதோஷத்தில் ஹாண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். "இழுக்காதையும், குளிருக்கு ஒட்டிப் பிடிச்சிடும். கியரிலை விட்டிட்டுச் சில்லுக்குக் கல் வையும்" என்றார். வைத்தேன்.

மிஞ்சியது பற்றரி. அதைக் கழற்றி வீட்டுச் சூட்டில் வைக்கவேண்டும். கறுப்பு வயரை முதலில் கழற்றச் சொன்னார், பிறகு சிவப்பை. கழற்றித் தூக்கினேன். இடுப்பு விட்டுப்போகும் பாரம்.

"வயரைத் திரும்பப் பூட்டேக்கை மாறி. சிவப்பு முதல், கறுப்பு கடைசி. நினைவிலை வைச்சிரும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரை மூடிவைக்கத்தான் சொல்லித் தருகிறார் என்று நினைத்திருந்தேன். தான் இல்லாத ஒரு வசந்தத்துக்கு என்னைத் தயார்பண்ணுகிறார் என்பது அப்போதுதான் விளங்கியது. கடைக்குப் போகும்போதுகூட "போறன்" என்று சொல்லாமல் "போட்டு வாறன்" என்று சொல்லுகிற வீடு எங்களுடையது.

"அச்சானியமாய்க் கதைக்காதேங்கோ. பூட்டுறது எனக்குத் தெரியத் தேவையில்லை. அதுக்கு நீங்கள் வருவீங்கள்."

"இல்லையப்பா, ஒரு கதைக்குச் சொன்னனான்..."

"நான் கேக்கமாட்டன்." பற்றரியை நிலத்தில் வைத்துவிட்டு, கறுத்துப்போன கையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

கதிரையை விட்டு எழும்பி வந்து என் கைகளைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு, "சரி, நானே வந்து பூட்டுறன்" என்றார். அந்த நோர்வேக்காரரின் காரில் திரும்பி வரும்போது என் கையைப் பிடித்தவர், வீடு வரும்வரை விடவில்லை.

சித்திரையில் பனி கரைந்ததும் வந்தார். மெலிந்துபோயிருந்தார், களஞ்சியத்து ஏற்றத்தில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். பற்றரியைத் தூக்கி வைத்தது நான். பூட்டுவதற்கு மட்டும் என்னை விடவில்லை, கொடுத்த வாக்காம். நல்லது, பூட்டுங்கோ என்று சொல்லிவிட்டு, வெளியே வயலைப் பார்ப்பவள்போல நின்றேன். அவருக்குத் தெரியாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு முதல். பிறகு கறுப்பு. ஸ்பனரை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.