பின்சீட் இல்லாத கார்

"உங்க அத்தானுக்கு என்ன ஆச்சு சீனி?" என்று சத்யபிரியா கேட்டபோது மெல்பர்னில் ஒரு தமிழ்க் கடையில் பருப்பும் புளியும் வாங்கிக்கொண்டு பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். சத்யபிரியாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. இங்கே நர்ஸாக இருக்கிறார். அவருடைய அம்மா சொன்னாராம். அம்மாவுக்கு அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் சொன்னாராம். அத்தான் செல்வகணேஷ் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார், தரையோடு தரையாகக் கிடக்கிற ஒரு ரேஸ் காரை வாங்கியிருக்கிறார், ஒரு பொம்பளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் பசுவந்தனை ரோட்டில் போகிறார், வருகிறார்.

"கூட இருக்கிறது யாருன்னு தெரியலையாம். ஆனா உங்க அக்கா இல்லைங்கிறது தெரியுமாம்."

அக்கா இல்லை என்பது எனக்கும் தெரியும். என் அக்கா கிருஷ்ணவேணி எட்டு மாதமாக நாகலாபுரத்தில், அண்ணன் வேணுகோபால் வீட்டில் இருக்கிறாள். தை மாதம் அத்தானுடைய மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும், தேறுகிற வரைக்கும் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். தேறிவிட்டாள். திரும்பிப் போகவில்லை.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது வாய் சும்மா இருக்காமல் இதைச் சொல்லிவைத்தேன். அறுபது வயதில் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வயதில் ஆண்களுக்கு வருவதுதான், ஒரு வருடத்தில் சரியாகிவிடும் என்றார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் பார்த்தேன்.

அத்தானுக்கு வயது அறுபத்தொன்று. பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஆடு மேய்த்த குடும்பம். அந்த வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவர். கால்நடை ஆய்வாளர் வேலை கிடைத்து, ஓட்டப்பிடாரம் தொடங்கி விளாத்திகுளம் வரைக்கும் முப்பத்து மூன்று வருடம் ஆடு மாடுகளுக்கு ஊசி போட்டார். மூன்று மோட்டார் சைக்கிள் மாற்றினார். மருந்து வைத்த ஐஸ் பெட்டி பெட்ரோல் டாங்கின் மேல், தொடைகளுக்கு நடுவில் இருக்கும். பின்சீட்டை ஆட்களுக்கு விட்டிருந்தார். ஆட்டுக்கிடை போடுகிறவர், சினை ஆடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற காய்ச்சல்காரர், பஸ்ஸைத் தவறவிட்ட டீச்சர் என்று எப்போதும் யாராவது இருப்பார்கள். அந்த இடம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பி வண்டியை நிறுத்திவிடும். குத்தி எடுக்க ஒரு வேப்பங்குச்சி வைத்திருப்பார். அதற்கும் அசையாவிட்டால் வண்டியை உடைமரத்தில் சாய்த்துவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார். முந்நூறு ஆட்டுக்கு நடுவில் ஒன்று செருமினால் பேச்சைப் பாதியில் விட்டுத் திரும்புவார். எந்த ஆடு என்று கையைக் காட்டுவார். அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். "நான் டாக்டர் இல்லப்பா" என்று முதல் பத்து வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் விட்டுவிட்டார்.

நான் வெளிநாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அந்த மோட்டார் சைக்கிள்தான் கவலை. இரண்டு வருடம் முன்னால் போனபோது முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன்.

"காது அடைச்சுக்கிடுது மாப்ள. ஆடு கத்தினாக் கேக்காது."

"கேக்காட்டாப் பரவாயில்ல, அத்தான்."

ஹெல்மெட்டோடு ஒரு போட்டோ ஒவ்வொரு ஞாயிறும் அனுப்ப வேண்டும் என்று வேறு சொன்னேன். அனுப்பினார். சில படங்களில் பின்னால் அக்கா வெறுந்தலையோடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தை மாதம் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் போவோம் என்றாள் அக்கா. பஸ்ஸுக்கு நின்றால் முகூர்த்தம் போய்விடும் என்று அத்தான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். அக்கா பேசாமல் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மடியில் சீர்ப்பை, இரண்டு கையும் பைமேல். பாதி வழியில், முந்தின நாள் யாரோ புதிதாகப் போட்டிருந்த வேகத்தடை. வெள்ளைக்கோடு இல்லை, பலகை இல்லை. வண்டி தூக்கிப் போட்டது. அவர் சமாளித்து நிமிர்ந்து ஓட்டினார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, திருப்பத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு ஏதோ கேட்கத் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், இந்தப் புரட்டாசி மாதம் ஊருக்குப் போகிறவரைக்கும்.

கோவில்பட்டி ஸ்டேஷன் வாசலில் அந்தக் கார் நின்றது. இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை, வெளிறிப்போன பச்சை. கோயம்புத்தூரில் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி ஓட்டாமலே மூடி வைத்திருந்ததாம். புது ஆட்டோ விலைகூட இல்லை என்றார் அத்தான். என் பெட்டிக்கு அதில் இடம் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு, அதற்கு மேலாக ரோட்டை எட்டிப் பார்த்தபடி போனேன். டீக்கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ரேஸ் எப்போ?"

"நீ வழிவிட்டா இப்பவே."

ஆனால் அவர் நாற்பதைத் தாண்டவில்லை. லாரியும் மினிபஸ்ஸும் கடந்து போயின. ஒரு மொபெட்கூட. ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் வண்டியை ஏறக்குறைய நிறுத்தினார். சக்கரம் ஒவ்வொன்றாக ஏறும்படி கோணலாகத் திருப்பினார். அப்படியும் அடிவயிறு உரசியது.

"ஸ்டேஷன்ல இருந்து வீடுவரைக்கும் பதினொண்ணு இருக்கு மாப்ள. முப்பது வருசம் பைக்ல போனேன், எத்தனைன்னு தெரியாது."

"சாதாரண கார் ஒண்ணு வாங்கியிருக்கலாமே அத்தான்."

இரண்டு பக்கமும் விதைத்த கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது.

"பாக்கப் போனேன். ஓட்டிப் பாருங்கன்னு சொல்லிட்டுத் தரகர் பின்னால ஏறிக்கிட்டாரு. பத்தடி போகல, நிப்பாட்டிட்டேன். பின்னால ஆள் இருந்தா திரும்பித் திரும்பிப் பாக்கேன். முன்னால எங்க பாக்க? இதுல அந்தத் தொந்தரவு இல்ல. பின்னாலங்கிற இடமே கிடையாது. வாரவ பக்கத்துலதான் உட்காரணும்."

ஊர் பேசிய பொம்பளையை மறுநாள் பார்த்தேன். பெயர் வெள்ளைத்தாய். அறுபதை நெருங்குகிறவர், பன்னிரண்டு வெள்ளாடு வைத்திருக்கிறார். விழுந்து கிடந்த அக்காவை அன்றைக்குத் தூக்கி உட்காரவைத்தவர் அவர்தான். தினமும் சாயங்காலம் ஆடுகளை மகனோடு அனுப்பிவிட்டு, மேய்ச்சல் காட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் அந்தக் காரில் வருகிறார்.

"நான் பேசிக்கிட்டே வரணுமாம் தம்பி. டாக்டரு ஓட்டிக்கிட்டே பதில் சொல்லுவாராம். ஒரு பேச்சை அவரு கேக்காம விட்டுட்டா வண்டிய ஓரமா நிப்பாட்டி, என்ன சொன்ன, திரும்பச் சொல்லுங்காரு. எங்கிட்ட அம்புட்டுப் பேச்சு ஏது? மருமவளைப் பத்தி எல்லாம் சொல்லித் தீந்துபோச்சு."

"ஊர்ல என்ன சொல்லுதாங்கன்னு தெரியுமா?"

"ஏன் தெரியாம. இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு பேரு வந்துச்சேன்னு பாதி சந்தோசந்தான்." சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "உங்க அக்கா காதுக்கும் போயிருக்கும். அதுதான் சங்கடம். நீங்க போய் எடுத்துச் சொல்லுங்க. மழை விழுந்துட்டா இந்த வண்டி தார்ரோட்ட விட்டு எறங்காது. அதுக்குள்ள கூட்டியாந்திரணும்னு டாக்டரு தவிக்காரு."

நாகலாபுரத்துக்குப் பஸ்ஸில் போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலுகால் ஊன்றுகோல். வெள்ளைத்தாய் கதையைச் சொன்னேன். பின்னால் ஆளை வைத்து அவரால் ஓட்ட முடியவில்லை என்பதையும் சொன்னேன். காம்பு கிள்ளுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"வெள்ளைத்தாயப் பத்தி நான் ஒண்ணும் நினைக்கல. அவ நல்லவ. ஏலே சீனி, நான் விழுந்ததுக்குக் கோவமா இருக்கேன்னு நினைக்கியா?"

"பின்னே?"

"விழுந்ததும் எனக்கு வலி தெரியல. உட்காந்துதான் இருந்தேன். அந்த ரோடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமில்ல? நேரா, ஒரு மரம் மறைக்காது. வண்டி போய்க்கிட்டே இருக்கு. நான் கையக் காட்டுதேன். அவிய இடதுகைய ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டே போறாவ. எங்கிட்டதான் பேசுதாவ. நான் இங்கன ரோட்டுல இருக்கேன், அவிய அங்கன எங்கிட்டப் பேசிக்கிட்டுப் போறாவ. கடுகு அளவுக்கு ஆகுறவரைக்கும் அந்தக் கை ஆடிக்கிட்டே இருந்துச்சு."

காம்புகளை முறத்தின் ஒரு ஓரமாகத் தள்ளினாள்.

"ஒரு குட்டி விழுந்திருந்தா அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

நான் ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். முறத்திலிருந்து ஒரு வற்றலை எடுத்துக் காம்பு கிள்ளினேன்.

"வரச் சொல்லு," என்றாள் கடைசியில். "எந்த வண்டியில வேணும்னாலும் வரட்டும். அன்னிக்கு எங்கிட்ட என்ன பேசிக்கிட்டுப் போனாவன்னு சொல்லட்டும். நான் கேக்காம விட்டது அது ஒண்ணுதான். சொன்னா ஏறுதேன்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அத்தானிடம் சொன்னேன். அவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"ஞாபகம் இல்ல மாப்ள."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"எட்டு மாசமா அதத்தான் யோசிக்கேன். அவ கேப்பான்னு எனக்குத் தெரியும். முப்பத்தஞ்சு வருசமாப் பேசுதேன், அவ பின்னால இருந்து ம்ம்னு சொல்லிக்கிட்டே வருவா. அன்னிக்கு அந்தச் சத்தம் வரல. பஸ் விசயத்துல கோவமா இருக்கான்னு நினைச்சேன். இப்போ எம்புட்டு இழுத்துப் பார்த்தாலும் ஒரு வார்த்தை வரமாட்டேங்குது."

"அந்த ஹெல்மெட்டாலதான் கேக்காமப் போச்சா அத்தான்?"

என்னைப் பார்த்தார். "ஒரு ஆள் எறங்கினா வண்டி லேசாகும் மாப்ள. அது தெரியுறதுக்குக் காது எதுக்கு?"

எனக்குத் திரும்பிப் போகிற நாள் நெருங்கிவிட்டது. மேகம் வேறு தெற்கே கூடிக்கொண்டிருந்தது. "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க," என்றேன். "பஸ்ஸுலயே போயிருக்கலாம்னு சொல்லிக்கிட்டுப் போனேன்னு சொல்லுங்க. அவளுக்கு எப்படித் தெரியப்போகுது?"

"நல்லா இருக்கு. நானும் அதையே யோசிச்சு வச்சிருந்தேன்." துணியை எடுத்து மறுபடியும் அதே கதவைத் துடைத்தார். "அவ பக்கத்துல உட்காந்திருப்பா. மூஞ்சியப் பாப்பா. பைக்ல சொல்ற பொய்யி வேற, இது வேற மாப்ள."

"அப்ப என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியல."

புதன்கிழமை காலையில் போவதாக அவரே அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். அதற்கு முந்தின திங்கட்கிழமை நான் மெல்பர்ன் வந்து சேர்ந்தேன். புதன்கிழமை வந்தது. அங்கே காலை பத்து என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. அலுவலகக் கூட்டத்துக்குப் போகாமல், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். நாகலாபுரத்தில் மழை பெய்கிறதா என்று போனில் பார்த்தேன். விளாத்திகுளம் பக்கம் மேகம் காட்டியது. எத்தனை மணிக்குப் பெய்யும் என்று காட்டவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன்.

வேணு அண்ணன் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அவிய வந்து அரைமணி நேரம் ஆச்சு. வண்டியவிட்டு எறங்கல. அந்தப் பக்கக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்காந்திருக்காவ. தெருவே கூடி நிக்கி."

"அக்கா?"

"வாசல்ல நிக்கா, கோலை ஊனிக்கிட்டு. பை கையில இருக்கு."

"பேசினாவளா?"

"பேசுதாவ போல. எனக்குக் கேக்கல. நான் எதுக்குலே பக்கத்துல போய் நிக்கணும்? நீ போனை வை."

வைத்தேன். மூன்று மணி ஆனது. மூன்றே கால். அத்தானைக் கூப்பிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மூன்றரைக்கு அக்காவின் எண்ணை அழுத்தினேன். ஆறு தடவை, ஏழு தடவை அடித்து அதுவாக நின்றது. மறுபடியும் அழுத்தியிருக்கிறேன். அடித்துக்கொண்டிருக்கிறது.