ஐயாவின் காதும் எங்கள் பங்கர்த் தீர்மானமும்

குண்டுவீச்சுக்கு நாங்களும் பக்கத்து வீட்டாரும் ஒளிகிற பங்கருக்குள் ஐயா இனி விமானங்களைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்ற தீர்மானம் இன்று காலை நிறைவேறியது. முன்மொழிந்தவன் அவருடைய மகனாகிய நான்.

இரண்டாம் உலகப்போரில் ஐயா வெள்ளைக்காரரின் விமானப்படையில் மெக்கானிக். பலாலி ஓடுபாதை போட்ட காலத்தில் அங்கேதான் வேலை. இன்றைக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

"உது சாமான் ஏத்திற பிளேன். பயமில்லை, போய் உலையை வையுங்கோ."

அவர் சொன்னது ஒருநாளும் பிழைத்ததில்லை. இன்றும் அப்படித்தான் சொன்னார்.

பக்கத்து வீட்டுச் செல்லத்துரை அண்ணை விடவில்லை. "ஓம், நீங்கள் போட்டுக் குடுத்த பலாலிப் பாதையிலை இருந்துதானே இப்ப குண்டு போட வாறாங்கள். உங்களுக்குச் சொல்லிப்போட்டோ கிளம்புறவங்கள்?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான். போதாததற்கு, "ஐயா, இனி உந்தக் கதையை விடுங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்றேன்.

"சரி தம்பி" என்றார்.

வாசிகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். தகப்பனை ஊருக்கு முன்னால் விற்ற வேறு மகன்மார் இருந்தால் கீழே எழுதலாம். கொப்பித்தாள் தட்டுப்பாடு, சுருக்கமாக எழுதவும்.

மத்தியானம் இன்னொரு விமானம் வந்து சுற்றியது. எல்லாரும் ஐயாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுதுபடும்வரை ஒருவரும் வெளியே வரவில்லை. இரண்டு வீட்டிலும் இன்று உலை வைக்கவில்லை.