சாட்சிகளை அழைத்துவந்த ஏட்டு

அண்ணாமலை நகரில் பேராசிரியராக ஓய்வு பெற்ற நான், அதுவரை எந்தக் காவல் நிலையத்தின் படியும் ஏறியதில்லை. எங்கள் தெருவில் நடந்த கத்திக்குத்துக்காக ஓர் இளைஞன் கைதானபோது நான் சாட்சியானேன். சிதம்பரம் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, வழக்கு கடலூர் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போய், எனக்குச் சம்மன் வருவதற்குள் அவனுக்கு நெற்றியில் வழுக்கை ஏறியிருந்தது.

கடலூரில் என்னை எதிர்கொண்டவர், சாட்சிகளை அழைத்துவரும் ஏட்டு. பருத்த உடல், சாயம் பூசிய மீசை. சாட்சி எவராயினும், அவர் உட்காரும் பெஞ்சைத் தம் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் பேசுவார். சம்பவத்தன்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்ட என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். அந்த இளைஞன் குத்தியதை நான் பார்த்ததாக அதில் இருந்தது.

"அவன் ஓடியதை மட்டுமே பார்த்தேன்" என்றேன்.

"சும்மாவா சார் ஓடுவான்? குத்துனத பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லாட்டி கேஸு வுழுந்துடும்."

"அந்த ஒரு வார்த்தைக்கு அவன் எத்தனை வருஷம் உள்ளே இருப்பான்?"

"அத ஜட்ஜய்யா பாத்துக்குவாரு சார்."

சாட்சிக் கூண்டில் ஏறி, அவன் ஓடியதை மட்டும் சொன்னேன். அரசு வழக்கறிஞர் என்னைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கச் செய்தார். வெளியே வந்தபோது ஏட்டு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க சார், பஸ் ஸ்டாண்டுல வுட்டுடறேன்."

"என்மேல் கோபமில்லையா?"

"சாட்சிய கொண்டாந்து நிறுத்துறதுதான் சார் என் டூட்டி. வாய்தாவுக்கு வாய்தா எவனும் வரல. நீங்க வந்ததே ஜாஸ்தி."

அது பாராட்டா, கேலியா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அந்த இளைஞன் விடுதலையானான். நான் விலைபோய்ப் பேச்சை மாற்றிவிட்டதாகத் தெருவில் சொல்கிறார்கள். தவறு. சம்பவத்தன்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையேதான் நீதிமன்றத்திலும் சொன்னேன்.