வரவேற்புக்கு மிஞ்சிய பாடம்

கண்டி மலைப்பக்கம், வத்தேகமவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். தேனியில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் என் மகள், பாடம் நடத்திப் பழக ஒரு மாதம் கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறாள். அவளைக் கூட்டிப்போக வந்த நான், வகுப்பின் கடைசியில் ஒரு நாற்காலியில் இருக்கிறேன். பக்கத்தில், கண்டியிலிருந்து வந்திருக்கும் மேற்பார்வை அம்மையார். இந்த நாற்பது நிமிடத்தைப் பார்த்துத்தான் அவர் மதிப்பெண் போட வேண்டும்.

ஆனால் விருந்தாளியை வரவேற்காமல் விட, இங்கே 'அதிபர்' என்று அழைக்கும் தலைமை ஆசிரியருக்கு மனம் வரவில்லை. எனக்கு மாலை, குத்துவிளக்கு, பிள்ளைகளின் நடனம், தேநீரோடு வாழைப்பழம். இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. மகள் சாக்பீஸோடு நிற்கிறாள்.

"ஐயா, ரெண்டு வார்த்தை பேசுங்க," என்கிறார் அதிபர்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாலு பேர் பார்த்தாலே வியர்க்கும். எழுந்து "வணக்கம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். என் கூச்சம் முதல் தடவையாக மகளுக்கு உதவியிருக்கிறது.

"ஐயா வெக்கப்படுறாரு. அவருக்குப் பதிலா நானே பேசிடுறேன்," என்று அதிபர் தொண்டையைச் செருமுகிறார்.

மகள் அவரருகே போகிறாள். "சார், பாடம் ஆரம்பிச்சாச்சு. முதல் பெஞ்சுல இடம் இருக்கு, உட்காருங்க."

அதிபர் அவளைப் பார்க்கிறார். பிறகு இரண்டு சிறுமிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கி உட்காருகிறார்.

அம்மையார் அப்போதுதான் பேனாவைத் திறக்கிறார். எட்டிப் பார்க்கிறேன். 'வகுப்பறைக் கட்டுப்பாடு, மிக நன்று.'

கரும்பலகையில் இன்னும் ஒரு எழுத்துகூட விழவில்லை.