மகளை மதிப்பீட்டுக்கு ஆயத்தப்படுத்தினோம்

பரீட்சை என்று ஒன்று வந்தால் அதற்கு முன் படிப்பிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பொதுவான மதம் இது ஒன்றுதான். கோயிலுக்குப் போகிறவனும் தேவாலயத்துக்குப் போகிறவனும் இதில் மட்டும் சண்டை பிடிப்பதில்லை. அதனால்தான் ஐந்து வயது மகளைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பீடு செய்யப் போகிறார்கள் என்றதும், நான் முதல் வேலையாகக் கடைக்குப் போய்ப் பட அட்டைகள் வாங்கி வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாட்டைவிட்டு வந்து கிளேட்டன் என்ற ஊரில் இருந்தோம். மகளுக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. எப்போதாவது தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றை முணுமுணுப்பாள், மற்றப்படி பேச்சில்லை. வகுப்புக் கதவு திறந்திருந்தால் எழுந்து போய்விடுவாள். இரண்டாம் தடவை தெருவரை போனபோது அதிபர் எங்களை அழைத்தார். கூடவே இருக்க ஓர் உதவியாளர் இல்லாவிட்டால் அடுத்த தவணையிலிருந்து மகளுக்கு அரைநாள்தான் பள்ளிக்கூடம் என்றார். உதவியாளர் வேண்டுமென்றால் உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும். அதை நாங்கள் எழுத்தில் கேட்க வேண்டும்.

கேட்டு எழுதினேன். பதிலோடு பெற்றோருக்கான படிவம் ஒன்றும் வந்தது. தானாக உடுப்பு மாற்றுவாளா? ஆம் என்று போட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாளா? அதற்கும் ஆம். மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உண்மையை எழுதினால் என்ன?"

"வெளியாக்களுக்கு ஏன் எங்கட குறையைக் காட்டுவான்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எனக்குப் பரம்பரைப் பழக்கம். குறையை மறைத்தால் உதவி எப்படிக் கிடைக்கும் என்ற சின்ன விஷயம் பொறியியல் படித்த என் மண்டையில் ஏறவில்லை.

மூன்று வாரம், வேலையால் வந்ததும் வராததுமாகக் குசினி மேசையில் பாடம் நடந்தது. நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பெயர் சொல்லுவேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, அட்டையையும் பார்க்கவில்லை. கதிரையில் இருந்து தன் விரல்களை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சொல் திரும்பி வரவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று முடிவு கட்டினேன். வாயைத் திறந்தும் சொன்னேன்.

மதிப்பீட்டு நாள் காலையில் அவளுக்குப் புதுச் சட்டை போட்டு, தலைக்கு இரட்டைப் பின்னல் பின்னிக் கூட்டிக்கொண்டு போனோம். சின்ன அறை. உளவியலாளர் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி, பொறுமையானவர். மகளை எதிரே இருத்தி முதல் படத்தை மேசையில் வைத்தார். அது காலுக்குப் போடும் ஒரு சப்பாத்து.

மகள் அதைப் பார்க்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தாள்.

"அப்பிள். இஞ்ச பார். அப்பிள். சொல்லு."

என் குரல். ஐந்து வயதுத் தொண்டையில் என் இழுவை, என் கோபம், இடையில் நான் செருமும் செருமல் எல்லாம் இருந்தன. அடுத்தது நாய், அடுத்தது குடை, நான் காட்டிய அதே வரிசையில். இடையில் "ஹலோ, ஓம் அண்ணை, பிறகு எடுக்கிறன்" என்றாள். அந்தத் தொலைபேசி அழைப்பை நானே மறந்துவிட்டிருந்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு பெரிய செல்வத்தை இந்தச் சின்னத் தலை எங்கே வைத்திருந்தது? ஒரு சொல் சிந்தவில்லை. அவளை அன்றுதான் முதன்முதலாகக் காண்பதுபோல மலைத்துப்போய் நின்றேன்.

நாற்பதும் முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

"இவளுக்கு ஒண்டும் ஏறாது. விடும்."

பிறகு மனைவியின் மெல்லிய குரலில்: "அப்பிடிச் சொல்லாதேங்கோ. அவளுக்குக் கேக்கும்."

திரும்பவும் என் குரலில்: "கேட்டால் என்ன, விளங்கவே போகுது?"

அதோடு வாயை மூடிக்கொண்டு விரல்களைப் பார்க்கத் தொடங்கினாள். மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். உளவியலாளர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, மகள் என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். அவ்வளவு வெட்கத்தை நான் வாழ்நாளில் பட்டதில்லை. கடைசி மூன்று வரியையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். படிப்பித்ததையும் சொன்னேன். படிவத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன்.

அவர் திட்டவில்லை. படிவத்தை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். நான் ஒவ்வொரு 'ஆம்' மீதும் கோடு போட்டு 'இல்லை' என்று மாற்றினேன். வீட்டில் பேசுவது பிள்ளைக்கு விளங்குகிறதா என்ற கேள்வி வந்ததும் என் கை தயங்கியது.

"அதை வெட்ட வேண்டாம்" என்றாள் மனைவி.

படம் காட்டும் பகுதியை அவர் அன்று கணக்கில் எடுக்கவில்லை. வேறு இரண்டு நாள் வந்து, வகுப்பில் ஒரு மூலையில் இருந்து மகளைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். நாங்கள் ஒன்றும் படிப்பிக்கவில்லை. வீட்டில் சண்டை பிடிக்க வேண்டியிருந்தால் கராஜுக்குப் போய்ப் பிடித்தோம்.

தவணை முடிவதற்கு முன் கடிதம் வந்தது. உதவியாளர் உண்டு, முழுநாளும் வரலாம். அண்ணருக்கும் மாமிக்கும் உடனே தொலைபேசி எடுக்கச் சொன்னாள் மனைவி. பொறும் என்றேன். மகள் குசினித் தரையில் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்து, அந்தக் கடிதத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கி முதலில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.