போட்டாச்சு என்று நான் சொன்னது

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு கிணறு உண்டு. குடிப்பதற்குக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைப்போம். கிணற்று நீர் பூஜைக்கு மட்டும். தினமும் காலையில் சாளக்கிராமத்துக்கு அபிஷேகம் செய்து, அந்தத் தீர்த்தத்தை மகளின் உள்ளங்கையில் மூன்று முறை விடுவேன்.

மழை தொடங்கிய சமயம், எங்கள் வார்டு சுகாதாரப் பணியாளரான பெண்மணி பிளீச்சிங் பவுடர் வாளியோடு வாசலுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி மஞ்சள் காமாலையாம்.

"கிணத்தில கொஞ்சம் போடட்டே சார்? அஞ்சு நிமிஷம் மதி." மலையாளம் கலந்த அவர் பேச்சில் மதி என்றால் போதும்.

மருந்து வாசனை அடிக்கும் நீரை அபிஷேகத்துக்கு எடுக்க எனக்கு மனம் வராது. அதைவிட, அரசாங்கம் என் பின்கட்டு வரை வருவது பிடிக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக அரசு அலுவலகத்தில் உத்தரவுகளை எழுதுகிறவன் நான். அவை எவ்வளவு அசட்டையாகப் பிறக்கின்றன என்று தெரியும்.

"போன வாரமே போட்டாச்சு," என்றேன்.

அவர் நோட்டில் குறித்துக்கொண்டு போனார்.

"எதுக்குப் பொய் சொல்றேள்?" என்றாள் மனைவி.

"நம்மாத்துக் கிணத்துக்கு அவா பெர்மிஷன் வேணுமா?"

"பெர்மிஷன் கேட்டது அவதானே?"

ஒரு மாதம் கழித்து மகளின் கண்கள் மஞ்சளாயின. கல்லீரல் மோசமாகி, ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் என்னை யாரென்று தெரியாமல் பார்த்தாள். கிணற்று நீரைச் சோதித்தார்கள், அதில்தான் கிருமி இருந்தது. அதைக் குடித்த எனக்கும் மனைவிக்கும் சின்ன வயதிலேயே காமாலை வந்து போயிருக்கும், அதனால் தப்பித்தோம் என்றார் டாக்டர். அதே தீர்த்தம், என் கையால் விட்டது. வராந்தாவில் உட்கார்ந்து, நான் அரசாங்கத்தின் மேல்தான் கோபப்பட்டேன். தெரிந்திருந்தும் ஏன் உள்ளே வரவில்லை? வாசலோடு திரும்பிப் போக ஓர் அரசாங்கம் எதற்கு?

மகள் பிழைத்து வீட்டுக்கு வந்த வாரம், அந்தப் பணியாளர் மறுபடி வந்தார். அன்று ஏன் உள்ளே வரவில்லை என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"சார் போட்டாச்சுன்னு பறஞ்ஞா, ஞான் மதில் ஏறிச் சாடி வரணோ?" என்றார். "அப்போ சார்தன்னே போலீஸை விளிச்சிருக்கும்."

கூப்பிட்டிருப்பேன். புகார் மனுவும் நானே எழுதியிருப்பேன், பிழையில்லாமல்.

"அந்த நோட்டுல என் வீட்டுக்கு நேரே எழுதினதை அடிச்சுடுங்கோ."

"அது பழைய பேஜ் சார். இது புது பேஜ்." கிணற்றடிக்குப் போய்ப் பொடியைக் கரைத்து ஊற்றினார். மகள் பெயரைச் சொல்லி, கஞ்சி குடிக்கிறாளா என்று விசாரித்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனதும் மதிலுக்கு மேலே அந்த வீட்டுப் பெரியவரின் குரல் கேட்டது: "அதெல்லாம் போட்டாச்சு, போட்டாச்சு."

சட்டைகூடப் போடாமல் போனேன்.

"மாமா, நானும் இதையேதான் சொன்னேன்."

அவர் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. பணியாளரும் படி ஏறவில்லை. அந்த வீட்டில் இரண்டு பேரக் குழந்தைகள்.

"உன் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டார் பெரியவர்.

"எழுந்து நடக்கறா. சுவத்தைப் பிடிச்சுண்டு."

கொஞ்ச நேரம் எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவை விட்டு விலகினார்.

"செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லு."